நாலாவது ஆள் தேவை!

என்ன பாஸ், புது செமஸ்டர் பிறந்தாச்சு. ஹாஸ்டல் சாம்பாருக்குப் பெரிய கும்பிடு ஒண்ணு போட்டுட்டு, 'நாலு பேர் சேர்ந்து வெளியில வீடு எடுத்துடலாம்டா'னு பிளான் போட்டாச்சா? மூணு பேர் ரெடி. ஆனா வாடகையை நாலால வகுத்தாத்தான் கட்டுப்படியாகும். அந்த நாலாவது ஆளுக்காக கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல, 'அமைதியான, கலகலப்பான, நல்ல பழக்கமுள்ள ரூம்மேட் தேவை'னு போட்டிருப்பீங்களே! அமைதியாவும் இருக்கணும், கலகலப்பாவும் இருக்கணும். பொண்ணு பார்க்கப் போற மாமியார்கூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டாங்க!

நாங்களும் போட்டோம். என்ன, அப்ப வாட்ஸ்அப் கிடையாது. ஒரு வெள்ளைத்தாள்ல ஸ்கெட்ச் பேனாவால எழுதி, டீக்கடைத் தூணில் சோற்றுப் பருக்கையால ஒட்டினோம். வருஷம் 2008. இடம் செவ்வாப்பேட்டை.

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைனு நினைச்சுடாதீங்க. இது நம்ம திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டை. சென்ட்ரலில் அரக்கோணம் லைன் பிடிச்சீங்கன்னா ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டி 'செவ்வாப்பேட்டை ரோடு'. சுமார் 35 கிலோமீட்டர். அடுத்தது புட்லூர், அதுக்கடுத்தது திருவள்ளூர். 1856-ல ராயபுரத்துல கிளம்பி வாலாஜா ரோடு வரைக்கும் போச்சே, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில், அது போன வழிதான் இது. அமாவாசையன்னிக்கு வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போற கூட்டத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்கினவங்களுக்கு இந்த லைனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏரியாவோட விசேஷமே வாடகைக்கு வர்ற கூட்டம்தான். சுத்துவட்டாரத்துல இன்ஜினீயரிங் காலேஜ்கள். பக்கத்துல காக்களூர் தொழிற்பேட்டை. இந்தப் பக்கம் ஆவடி டேங்க் ஃபேக்டரி, அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள். அதனால ஒரே தெருவுல முதல் மாடியில ஃபைனல் இயர் பசங்க, கீழே ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறவங்க, பின்னாடி குடும்பம். எல்லாரும் ஒரே போர் தண்ணிக்கு ஒரே நேரத்துல மோட்டார் போடுவாங்க. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க பவர்கட் வேற. கரன்ட் வந்ததும் மோட்டார் சுவிட்சைப் பார்த்து ஓடுறதுல ஒலிம்பிக் வெச்சிருந்தா எங்க தெருவுக்குத்தான் தங்கம்.

சரி, மேட்டருக்கு வருவோம். நாங்க மூணு பேரும் ஒரே கிளாஸ். பேரைச் சொன்னா அடிக்க வருவாங்க, அதனால பட்டப்பேர் போதும். ஒருத்தன் 'அலாரம்'. என்கூட ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணாப் படிச்சவன். ராத்திரி படுக்கும்போது நோக்கியா 1100-ல நாலரை மணிக்கு அலாரம் வெச்சுட்டுத்தான் படுப்பான். அலாரம் அடிக்கும். தெருவே எழுந்திருக்கும். அவன் மட்டும் எழுந்திருக்க மாட்டான். இன்னொருத்தன் 'சினிமா'. சொந்தமா கம்ப்யூட்டர் வெச்சிருந்த ஒரே ஆள், ஆகவே ஆண்டவனுக்குச் சமம். விடியற வரைக்கும் கொரியன் படம் பார்ப்பான். மூணாவது நான். என் குறைகளை அவங்களைக் கேட்டுக்கங்க. தட்டு கழுவுறதுல லேசா ஒரு சுணக்கம், அவ்வளவுதான்.

ரெண்டு ரூம், ஒரு ஹால், ஒரு பாத்ரூம். வாடகை 3,000. அட்வான்ஸ் பத்து மாசம், 30,000. நாலு பேர்னா தலைக்கு 7,500. மூணு பேர்னா 10,000. அந்த 2,500 ரூபாய் வித்தியாசத்துக்காகத்தான் டீக்கடைத் தூணில் அந்தத் தாள்.

மூணாவது நாள் சாயங்காலம் ஒருத்தர் வந்தார். எங்களைவிட ஏழெட்டு வயசு பெரியவர். காக்களூர்ல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். உட்காரச் சொன்னோம். எங்க இன்டர்வியூ ஆரம்பமாச்சு. 'எந்த ஹீரோ பிடிக்கும்?' 'கிரிக்கெட் பார்ப்பீங்களா?' 'நான்வெஜ் சாப்பிடுவீங்கள்ல?' அப்புறம் சினிமா ஒரு கேள்வி கேட்டான், ரொம்ப சாதாரணமா, டீ சாப்பிடுறீங்களானு கேட்கற மாதிரி.

"ஊர்ல எந்தத் தெருண்ணே?"

கிராமத்துல இருந்து வந்தவங்களுக்கு இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லணுமா? தபால்காரர் கேட்டா அது விலாசம். மத்தவங்க கேட்டா அது வேற. எனக்கும் புரிஞ்சது, அலாரத்துக்கும் புரிஞ்சது. நான் சுவத்துல தொங்கின காலண்டரைப் பார்த்தேன். அன்னிக்கு என்ன கிழமைனு தெரிஞ்சுக்க எனக்கு அவ்வளவு ஆர்வம் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிச்சார். "பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து பக்கம்தான் தம்பி"னு சொல்லிட்டு, "இப்ப நான் கேக்கலாமா?"னு ஆரம்பிச்சார்.

"மோட்டார் யார் போடுறது, எத்தனை மணிக்கு? வாடகை எந்தத் தேதி, யார் கையில குடுக்கறது? சாவி எத்தனை இருக்கு? கேஸ் தீர்ந்தா அன்னிக்குக் காசு யார் போடுவாங்க? அப்புறம்... ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னா எந்த நம்பருக்கு போன் பண்ணணும்?"

எங்ககிட்ட ஒண்ணுக்குக்கூடப் பதில் இல்லை. 'எந்த ஹீரோ?' கேள்விக்கு மட்டும் மூணு பேர்கிட்டயும் நாலு பதில் இருந்தது!

வேற யாரும் வரலை. அண்ணன் வந்து சேர்ந்தார். நிஜமாவே அதுதான் காரணம். 2,500 ரூபாய்தான் எங்க கொள்கையைத் தீர்மானிச்சது.

ரூம் பிரிக்கறதுல ஆரம்பிச்சது கூத்து. முதல்ல நானும் அலாரமும் ஒரு ரூம், சினிமாவும் அண்ணனும் ஒரு ரூம். ஆனா அலாரத்துக்கு கம்ப்யூட்டர் மேல கண்ணு. சினிமாவுக்கோ ஞாயித்துக்கிழமை பகல்ல படம் போட முடியலைனு வருத்தம், அண்ணன் தூங்குவாரே! ரெண்டு பேரும் பேசி வெச்சு ஒண்ணாயிட்டாங்க. நான் அண்ணனோட. ரெண்டு வாரம். அப்புறம் சினிமாவுக்கு ரெக்கார்டு நோட்டு எழுத ஆள் வேணும், 'மச்சி, நீ என் ரூமுக்கு வந்துடு'ன்னான். போனேன். அலாரம் அண்ணனோட. பத்து நாள்ல அலாரம் மூஞ்சியைத் தூக்கிட்டான். என் ஆறாங்கிளாஸ் நண்பன் ஆச்சே, மனசு கேட்குமா? திரும்பவும் அவனோட ரூமுக்கே வந்தேன். ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம். ரெண்டு மாசத்துல கட்டிலை மூணு தடவை தூக்கினதுல கட்டிலுக்கு ஒரு கால் போச்சு. அண்ணன் மட்டும் எங்கேயும் நகரலை. அவரைச் சுத்தி நாங்கதான் மியூசிக்கல் சேர் ஆடினோம்.

இது எங்க வீட்டுப் பைத்தியக்காரத்தனம்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, நாங்க பிறக்கறதுக்கு முன்னாடியே இதைக் கணக்காப் போட்டு வெச்சிருக்காங்க. 1962-ல டேவிட் கேல், லாயிட் ஷாப்லினு ரெண்டு கணித மேதைகள் 'அமெரிக்கன் மேதமேட்டிக்கல் மன்த்லி' இதழ்ல ஒரு குட்டிக் கட்டுரை எழுதினாங்க. யாருக்கு எந்த காலேஜ், யாருக்கு யார் ஜோடினு பிரிச்சா, பின்னாடி யாரும் கட்சி மாறாம இருக்கும்னு கணக்கு. ஆண், பெண்ணுனு ரெண்டு தரப்பா இருந்தா எப்படியும் நிலையான ஜோடி அமைச்சுடலாம்னு நிரூபிச்சாங்க. ஆனா அதே கட்டுரையில போற போக்குல நாலு ரூம்மேட் பசங்களைக் கூப்பிட்டாங்க. அங்கே இது செல்லாதுன்னுட்டாங்க!

எங்க வீட்டையே உதாரணமா வெச்சுக்கங்க. அலாரத்துக்கு முதல் சாய்ஸ் சினிமா. சினிமாவுக்கு முதல் சாய்ஸ் நான். எனக்கு முதல் சாய்ஸ் அலாரம். மூணு பேருக்குமே கடைசி சாய்ஸ் அண்ணன். இப்ப எப்படி வேணா ரெண்டு ரெண்டாப் பிரிங்க. அண்ணனோட மாட்டினவன் வெளியே வரப் பார்ப்பான். அடுத்த ரூம்ல இருக்கறதுல ஒருத்தனுக்கு இவன்தான் முதல் சாய்ஸ், அதனால கதவைத் திறந்துவிடுவான். திரும்பக் கட்டில் தூக்கு! இதுக்கு முடிவே கிடையாது. நம்பிக்கை இல்லைன்னா பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க, மூணே மூணு வழிதான் இருக்கு. (1985-ல ராபர்ட் இர்விங்னு ஒருத்தர், ஒரு கும்பலுக்கு நிலையான ஜோடிப் பிரிப்பு இருக்கா இல்லையானு வேகமாக் கண்டுபிடிக்க வழி சொன்னார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் தேடிப் படிங்க. இந்த மாதிரி கணக்குகளுக்காகத்தான் ஷாப்லி 2012-ல ஆல்வின் ராத்தோட சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கினார். கேல் 2008-லயே காலமாயிட்டார்.)

அந்தக் கணக்குல எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. குழப்பம் அந்த நாலாவது ஆளால வரலை. அவர் பட்டியல்ல யாரு முதல், யாரு கடைசிங்கறது கணக்குக்கே தேவையில்லை. மூணு பேரும் அவரைக் கடைசியா எழுதினதுதான் கோளாறு. அதுல ஒரே ஒருத்தன், ஒரே ஒரு இடம் மாத்தி எழுதினாப் போதும், மொத்த வீடும் செட்டில் ஆயிடும்!

எங்க வீட்டுல மாத்தி எழுதினவன் நான். பெரிய மனசெல்லாம் கிடையாது, தூக்கம் போச்சு, அதான். ஒரு நாள் நாலரை மணிக்கு அந்த நோக்கியா கத்த ஆரம்பிச்சது. அலாரம் குறட்டை விடுறான். நான் எழுந்தேன், போனை எடுத்தேன், பாத்ரூம் பக்கெட்டுல போட்டேன். நோக்கியா 1100 பத்தித்தான் தெரியுமே, தண்ணிக்குள்ள இருந்தும் ரெண்டு தடவை அடிச்சுட்டுத்தான் அடங்கிச்சு. ஆறு வருஷ சிநேகிதத்துக்கு மேல, எட்டு மாசம் அவன் என்கூடப் பேசலை. ஸ்கூல்ல ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவங்க நாங்க. ஒரே தட்டுல சாப்பிடறதும் ஒரே ரூம்ல தூங்கறதும் வேற வேறனு யாரும் எங்களுக்குச் சொல்லலை.

நான் கட்டிலைத் தூக்கிக்கிட்டு அண்ணன் ரூமுக்குப் போனேன், கடைசி தடவையா. அலாரம் சினிமாவோட ரூமுக்குப் போனான். அப்புறம் நடந்ததுதான் அதிசயம். சினிமா நாலரை மணிக்குத்தான் படம் முடிச்சுட்டுப் படுப்பான். படுக்கறதுக்கு முன்னாடி அலாரத்தை ஓர் உதை விட்டு எழுப்பிவிடுவான். ஒருத்தனுக்கு குட்நைட், ஒருத்தனுக்கு குட்மார்னிங்! எனக்கும் அண்ணனுக்கும் அதைவிட வசதி. ராத்திரி அவர் ஷிஃப்ட்டுல, ரூம் எனக்கு. பகல்ல நான் காலேஜ்ல, ரூம் அவருக்கு. பேசிக்கறதுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு டீ. அந்த செமஸ்டர்தான் நான் அரியர் வைக்காத முதல் செமஸ்டர்.

ரூம்மேட்டுக்கும் மார்க்குக்கும் முடிச்சுப் போடறேன்னு சிரிக்காதீங்க. அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல குலுக்கல் மாதிரி ரூம் ஒதுக்கின மாணவர்களை வெச்சு புரூஸ் சாசர்டோட்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் 2001-ல ஒரு கட்டுரை எழுதினார். ரூம்மேட்டோட படிப்பு நம்ம மார்க்கையும் தொடுது, எந்த செட்டுல சேர்றோம்ங்கறதையும் தொடுது. ஆனா எந்த மேஜர் எடுக்கறோம்ங்கறதைத் தொடலை. கென்டக்கியில பெரியா காலேஜ்ல இன்னும் சுவாரஸ்யம். ரூம்மேட் வீடியோ கேம் கொண்டுவந்திருந்தா, அதே ரூம்ல இருக்கற அடுத்தவன் படிக்கிற நேரம் குறைஞ்சது, முதல் செமஸ்டர் மார்க்கும் குறைஞ்சது! இது 2008-ல வந்த ஆய்வு. அதே வருஷம் சினிமாவோட கம்ப்யூட்டர் எங்களுக்கு அதைத் தனியா நிரூபிச்சுக்கிட்டிருந்தது.

டியூக் யூனிவர்சிட்டி ஒரு படி மேலே போச்சு. முதல் வருஷப் பசங்க வர்றதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல தேடித் தங்களை மாதிரியே இருக்கறவங்களை ரூம்மேட்டாப் பிடிச்சுக்கறாங்கனு சொல்லி, 2018-ல வந்த பேட்ச்சுல இருந்து 'நீங்களே தேர்ந்தெடுக்கற' வசதியை நிறுத்திட்டாங்க. எதுக்கு காலேஜ் வர்றோம், வேற மாதிரி மனுஷங்களைப் பார்க்கத்தானேங்கறது அவங்க வாதம்.

நம்ம ஊர்ல அந்த 'தங்களை மாதிரியே' எங்கே போய் நிக்கும்னு தெரியும்ல? 2015-ல சுகதேவ் தோரட்டும் அவரோட குழுவும் டெல்லி சுத்துவட்டாரத்துல வாடகை வீடு தேடுறவங்களை வெச்சு ஓர் ஆய்வு செஞ்சு, 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில வெளியிட்டாங்க. உயர்சாதிப் பேருக்குத் திறந்த கதவு, தலித் பேருக்கும் முஸ்லிம் பேருக்கும் பல இடத்துல மூடிக்கிச்சு. அது வீட்டு ஓனர்களைப் பத்தின ஆய்வு. நாம ஓனர்களை நல்லாத் திட்டுவோம். 'பேச்சிலருக்கு வீடு இல்லை'னு போர்டைப் பார்த்தா நமக்கு ரத்தம் கொதிக்கும். அதே நாம, நாலாவது ஆளைத் தேடும்போது 'நம்ம ஊர்ப் பசங்க மட்டும்', 'நம்ம ஆளுங்க குரூப்'னு வாசல்ல ஒரு சங்கிலி போட்டுக்கறோம். தெரிஞ்சவன் தெரிஞ்சவனைக் கூட்டிட்டு வந்தா பாதுகாப்புதான், இல்லைங்கலை. முக்கியமா பொண்ணுங்களுக்கு, ஏற்கெனவே அந்த வீட்டுல தங்கின ஒரு சீனியர் சொல்ற வார்த்தை தங்கம். ஆனா தெரிஞ்சவன்ங்கறதுக்கும் 'நம்மவன்'ங்கறதுக்கும் நடுவுல ஒரு பெரிய மைதானம் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். யாரோட தங்கறதுன்னு யோசிக்கறதே எல்லாருக்கும் கிடைக்கற வசதி இல்லை. எங்க தெரு வழியாப் போன கம்பெனி பஸ்ல இருந்த அக்காக்கள்ல பல பேர் கான்ட்ராக்டர் காட்டின ரூம்ல காட்டின இடத்துல பாய் விரிச்சவங்க. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு விஷமாகி 159 பெண்கள் ஆஸ்பத்திரியில சேர்ந்ததும், மத்தவங்க ரோட்டுல உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கலாம். அதுக்கப்புறம் 2024 ஆகஸ்ட்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற மாதிரி அரசு ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்தது. ரூமுக்கு ஆறு பேர். நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஆறு பேர்ல யாரோட அலாரம் எத்தனை மணிக்கு அடிக்கும்னு யாரு கேட்டிருப்பாங்க?

நமக்குக் கேட்கற வசதி இருக்கு. ஆகவே கேளுங்க. ஆனா அண்ணன் கேட்ட மாதிரி கேளுங்க. எத்தனை மணிக்குத் தூங்குவ, வெளிச்சம் இருந்தாத் தூக்கம் வருமா, வாடகைப் பணம் வீட்டுல இருந்து எந்தத் தேதி வரும், ஃப்ரெண்ட்ஸ் வந்தா எத்தனை நாள் தங்குவாங்க, பாத்ரூம் யார் கழுவுவாங்க. கடைசிக் கேள்விக்கு 'பார்த்துக்கலாம் மச்சி'னு பதில் வந்தா, அவன் பார்த்துக்கிட்டேதான் இருப்பான். முடிஞ்சா அவன் இப்ப இருக்கற ரூமுக்கு சொல்லாமக் கொள்ளாம ஒரு விசிட் அடிங்க. பயோடேட்டாவுல பொய் சொல்லலாம், பாத்ரூம் பொய் சொல்லாது.

அட்வான்ஸ் விஷயத்துல மட்டும் சிநேகிதம் பார்க்காதீங்க. நாங்க 2008-ல பத்து மாச அட்வான்ஸை வாயைத் திறக்காமக் கட்டினோம். இப்ப தமிழ்நாட்டுல 2017-ல இயற்றி, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி பண்ணினா ஒரு மாசத்துல, பாக்கி ஏதாவது இருந்தாக் கழிச்சுக்கிட்டு, திருப்பித் தரணும். சண்டை வந்தா கரன்ட்டையும் தண்ணியையும் நிறுத்தி விரட்ட ஓனருக்கு உரிமை கிடையாது. ஆனா இதெல்லாம் எழுத்துல ஒப்பந்தம் இருந்தா பேசற பேச்சு. இதுல பசங்க கோட்டை விடற இடம் எது தெரியுமா? ஒப்பந்தத்துல ஒருத்தன் மட்டும் கையெழுத்துப் போடுவான். மத்த மூணு பேரும் ஓனர் கணக்குல 'விருந்தாளி'. நடுவுல ஒருத்தன் கிளம்பினா அவனோட 7,500-ஐ யார் தர்றது? ஓனர் தர மாட்டார், அவருக்கு வீடு காலியாகலையே! புதுசா வர்றவன் தரணும். புதுசா வர்றவனை ஓனர்கிட்ட எழுதி வாங்காமச் சேர்த்தா, கையெழுத்துப் போட்டவன் தலைக்கு வரும். அதனால நாலு பேர் பேரையும் ஒப்பந்தத்துல போடச் சொல்லுங்க. ஓனர் ஒத்துக்கலைன்னா, உங்களுக்குள்ளயாவது ஒரு தாள்ல யார் எவ்வளவு கட்டினாங்கனு எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. 'நமக்குள்ள என்னடா மச்சி கையெழுத்து'னு ஒருத்தன் சொல்வான். அவனை முதல்ல கையெழுத்துப் போடச் சொல்லுங்க!

பொண்ணுங்க தனியார் ஹாஸ்டலுக்குப் போறதா இருந்தா, 2014-ல வந்த சட்டப்படி அந்த ஹாஸ்டல் பதிவு ஆகியிருக்கானு கேட்டுட்டு அட்வான்ஸைக் கட்டுங்க. 'பதிவா? அதெல்லாம் எதுக்கும்மா'ன்னாங்கன்னா, பெட்டியைத் திரும்ப ஆட்டோவுல ஏத்திடுங்க.

எங்க வீட்டுல அந்தத் தாள் வேலையை அண்ணன் செஞ்சார். நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு. அதுல யார் எவ்வளவு, எந்தத் தேதினு எல்லாம் இருந்தது. கேஸ், பால், மோட்டார் ஃப்யூஸ் போனதுக்கு ரெண்டு ரூபாய் ஒயர் வரைக்கும் கணக்கு. முதல் பக்கத்துல மட்டும் கணக்கு கிடையாது. எங்க மூணு பேர் வீட்டு நம்பரும், வாங்கின அன்னிக்கே எழுதி வெச்சது. அந்தப் பக்கத்துக்கு ஜனவரியில வேலை வந்தது. சினிமாவுக்கு மஞ்சள் காமாலை. கண்ணு மஞ்சளானதை நாங்க 'நைட்டெல்லாம் படம் பார்த்தா இப்படித்தான்'னு கிண்டலடிச்சுட்டு காலேஜ் போயிட்டோம். பகல்ல ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்க வேண்டிய மனுஷன்தான் அவனை ஆட்டோவுல ஏத்தி திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். நோட்டைத் திறந்து அவன் அப்பாவுக்கு போன் பண்ணினார். அப்பா வர்ற வரைக்கும் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். ராத்திரி அங்கேயிருந்தே டூட்டிக்குப் போனார்.

'எந்தத் தெரு'னு கேட்டவன் சினிமாதான்.

நாங்க கடைசி செமஸ்டர் எழுதறதுக்கு முன்னாடியே அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டியில வேற கம்பெனி கிடைச்சது. கிளம்பற அன்னிக்கு நான்தான் ஸ்டேஷன் வரைக்கும் பையைத் தூக்கிட்டுப் போனேன். பிளாட்பாரத்துல வண்டிக்குக் காத்திருந்தப்ப எதுக்கோ அந்த முதல் நாள் பேச்சு வந்தது. "அப்ப வேற இடமும் பார்த்து வெச்சிருந்தீங்களாண்ணே?"னு கேட்டேன்.

"வேற இடம் கிடைச்சிருந்தா உங்க வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன் தம்பி. அந்தப் பையன் கேட்டான். அவன் கேட்டது பெருசில்ல, எல்லா எடத்துலயும் கேப்பாங்க. நீங்க ரெண்டு பேரு செவுத்தைப் பார்த்தீங்க பாருங்க..." வண்டி ஹாரன் அடிச்சது. மிச்சத்தை அவர் சொல்லலை, நானும் கேட்கலை. பையைக் கொடுத்தேன். வேப்பம்பட்டு பக்கம் வண்டி வளையற வரைக்கும் நின்னேன்.

வீட்டுக்கு வந்தா ஹால்ல அந்த நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்துல எல்லாக் கணக்கும் நேர் பண்ணி, அடியில ஒரு கோடு. அதுக்குக் கீழே: 'எனக்கு வர வேண்டியது 17 ரூபா. டீ குடிங்க. மோட்டார் காலைல ஆறு மணிக்கு, மறக்காதீங்க.'

அன்னிக்கு சாயங்காலம் நாங்க மூணு பேரும் அந்த டீக்கடைக்குப் போனோம். தூணில் எங்க பழைய தாள் பாதி கிழிஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. எட்டு மாசத்துக்கப்புறம் அலாரம் என்கிட்ட முதல் வார்த்தை பேசினான். "டேய், சர்க்கரை கம்மியா சொல்லு."